லக்சம்பேர்க்காரர் ஒருவர் தேவை

என் வாயை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது என்பது, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்த விஷயம். போன மாதம் அது மறுபடியும் நிரூபணமானது.

மகள் ஷரோனுக்குப் பத்து வயது. மொன்றியலின் லாசால் பகுதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அங்கே ஒரு பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில், முழங்கால் நாடியில் இடிக்க, பெரிய மனிதர்கள் எல்லோரும் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறோம். ரீச்சர் புதிதாக வந்த இளம்பெண். ஒவ்வொரு பிள்ளையாக எழும்பி, பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னார்.

ஷரோன் எழும்பினாள். "நான் ஷரோன், லாசால்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இல்லையில்லை... ஸ்ரீலங்கா, யாழ்ப்பாணம்" என்று பின்வரிசையிலிருந்து திருத்தினேன். இது நான் வழக்கமாகச் செய்கிற வேலைதான். பஸ்ஸில், டாக்டரிடம், மூலையில் இருக்கிற தெப்பனர் என்கிற சின்னக் கடையில் — யார் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டாலும் அவள் லாசால் என்பாள். நான் பின்னால் நின்று யாழ்ப்பாணம் என்பேன். அவள் பிறந்தது மொன்றியலில். யாழ்ப்பாணத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் என்ன? பெற்ற தாய்க்குத் தெரியாதா பிள்ளை எந்த ஊர் என்று?

அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். விஷயத்துக்கு வருகிறேன்.

ரீச்சரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த நாட்டில் எந்தெந்த இனத்து மக்கள் வாழ்கிறார்கள் என்று ஒரு பெரிய மட்டையில் வரைந்து காட்ட வேண்டும். அந்த நாட்டுச் சாப்பாடு ஒன்று கொண்டுவர வேண்டும். முடிந்தால் — 'முடிந்தால்' என்பதை அவர் இரண்டு தரம் சொன்னார் — அந்த நாட்டு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரலாம்.

மத்தேயோ என்றொரு பையன். இத்தாலியக் குடும்பம். அவன் கையை விட்டான், இத்தாலியே வந்தது. சிலருக்கு அப்படித்தான் அதிர்ஷ்டம். பக்கத்துப் பிள்ளைக்குக் கிரேக்கம். ஷரோன் கையை விட்டாள்.

லக்சம்பேர்க்.

மத்தேயோவின் அப்பா சிரித்துக்கொண்டே, இத்தாலிக்கு ஒரு தெருவையே கூட்டிவரலாம், பாவம் இந்தப் பிள்ளை யாரைக் கூட்டிவரும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. பகிடியாகத்தான் சொன்னார். ரீச்சரும் இரக்கத்தோடு ஷரோனைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்குமா? எழும்பிவிட்டேன். "நாங்கள் கொண்டுவருவோம். எங்களுக்கு ஆள் இருக்கிறார்" என்றேன்.

இல்லை. ஒருவரும் இல்லை. லக்சம்பேர்க் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவர் அன்ரனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "உம்மட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள்... இது என் ஒருத்தியின் வியாதியா? எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிறதுதானே? உலகப்படத்தில் எங்கே விரலை வைத்தாலும் 'அங்க எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார்' என்போம். நோர்வேயா, மாமாவின் மச்சான். நியூசிலாந்தா, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள். பனிக்கரடி மட்டும் வாழ்கிற இடத்தில்கூட, கரடிக்குப் பக்கத்து வீட்டில் எங்கள் சித்தப்பாவின் மகன் இருப்பான் என்றுதான் நம்புகிறோம். அந்த நம்பிக்கையில்தான் நான் எழும்பினேன். இத்தனை நாடுகளுக்குச் சிதறிப் போனதில் இப்படி ஒரு லாபமாவது இருக்கக்கூடாதா?

ரெலிபோன் கார்ட் வாங்கினேன். சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிட்டேன்.

முதலில் பரிஸில் இருக்கிற மச்சாள். "லக்சம்பேர்க்கோ? ஓம், நல்லாத் தெரியும். ஜேர்மனிக்குப் போகேக்க அங்கதான் பெற்றோல் அடிக்கிறனாங்கள்" என்றார். வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். பெற்றோல் மலிவு என்றார்.

அடுத்தது ஜேர்மனியில் ஒன்றுவிட்ட அண்ணை. அவரும் பரிஸுக்குப் போகும்போது அங்கேதான் பெற்றோல் அடிப்பாராம். பெல்ஜியத்தில் இருக்கிற சிநேகிதி மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக, அங்கே கோப்பியும் குடித்ததாகச் சொன்னாள். எங்கள் சனம் முழுவதும் அந்த நாட்டுக்குள் போய், வாகனத்துக்குத் தீனி போட்டுவிட்டு, ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வெளியே வந்திருக்கிறது. இரண்டு கிழமை கழித்து ஒரு தமிழர் அகப்பட்டார். லக்சம்பேர்க்கில் நான்கு வருஷம் இருந்தவராம். சந்தோஷத்தில் துள்ளினேன். இப்போது எங்கே என்று கேட்டால்... லண்டனுக்குப் போய்விட்டாராம்.

இதற்கிடையில் ஷரோன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகத்துக் கம்ப்யூட்டரில் தேடி, எழுதிக்கொண்டு வந்து, மட்டையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, கேக் வெட்டுகிற மாதிரித் துண்டு துண்டாகப் பிரித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட பத்துப் பேருக்கு நாலு பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். போர்த்துக்கேயர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், பெல்ஜியக்காரர், ஜேர்மன்காரர்... அதிலும் போர்த்துக்கேயர்தான் அதிகம்.

"இது லக்சம்பேர்க்கோ, எங்கட கட்டிடமோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. இதுதான் அந்த நாடு என்றாள். எனக்கு ஒப்பவில்லை. அந்த நாட்டுச் சொந்தச் சனம் எங்கே, அவர்களைப் பெரிதாகப் போடு, மற்றவர்களை ஓரத்தில் சின்னதாக எழுது என்றேன். போர்த்துக்கேயரைப் பற்றிச் சொல்லவா ரீச்சர் கேட்டார்? போர்த்துக்கேயர் வேண்டுமென்றால் கீழ்வீட்டில் மடாம் ஃபெரெய்ரா இருக்கிறாரே.

மடாம் ஃபெரெய்ராவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டிடத்துக்குப் பொறுப்பாளர். குழாய் ஒழுகினால் அவர், படிக்கட்டில் பல்ப் போனால் அவர், மேல்வீடும் கீழ்வீடும் சண்டை பிடித்தாலும் அவர். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பார். ஆறு வருஷத்துக்கு முன் நாங்கள் குடிவந்த அன்று, வாசலில் கழற்றி வைத்திருந்த எங்கள் செருப்புகளைக் காட்டி ஏதோ சொல்லும்போது 'சப்பாத்து' என்ற சத்தம் கேட்டது. நான் திகைத்துப்போனேன். பிறகு அவர் ஒன்று, நான் ஒன்று — அலுமாரி, ஜன்னல், ரொட்டிக்கு நாங்கள் சொல்கிற பாண் — என்று பொதுச் சொத்தை எல்லாம் எடுத்து வெளியே வைத்துச் சிரித்தோம். எங்களை ஒரு காலத்தில் ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். அன்றிலிருந்து எனக்கு அவர் போர்த்துக்கேய மடாம். போர்த்துக்கல்லில் மழையாமே என்று கேட்பேன். கால்பந்தில் போர்த்துக்கல் வென்றால் வாழ்த்துவேன். அவரும் மெர்சி சொல்லிவிட்டுப் போவார்.

மட்டையை மாற்ற மாட்டேன் என்றாள் ஷரோன். எழுதியிருப்பதைத்தான் போடுவாளாம். எனக்குத் தெரிந்த ஒரு பிடிவாதக்காரியின் ஜாடை அப்படியே அந்த முகத்தில் இருந்தது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். மரக்கறிக்காகப் போனாலும் மனம் முழுக்க லக்சம்பேர்க். கத்தரிக்காய் விற்கிற இத்தாலியக் கிழவரிடம், சும்மா ஒரு ஆசைக்கு, லக்சம்பேர்க்காரர் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். தெரியுமே, என் பெரியப்பா என்றார். அங்கே இரும்பு ஆலையில் வேலை செய்தவராம். அவர் லக்சம்பேர்க்காரரா என்று கேட்டேன். இல்லை, இத்தாலியர் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஆனால் பெரியப்பாவின் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களை என்னவென்று சொல்வது என்று என்னிடமே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. வியாழக்கிழமை பின்னேரம் வரை ஆள் இல்லை.

ஆள் வருவார் என்று ஷரோன் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். மத்தேயோ அவளிடம், உன் அம்மா பொய் சொல்கிறார் என்று சொன்னானாம். அதற்கு அவள், என் அம்மா பொய் சொல்லமாட்டார் என்று சண்டை பிடித்தாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அன்ரனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மெதுவாக என் காதில் போட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்காக வாதாடிய பிள்ளையை அதே பள்ளிக்கூடத்தில் நாளைக்குத் தலைகுனிய வைக்கப் போகிறேன். ரீச்சரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

கதவில் தட்டல். மடாம் ஃபெரெய்ரா, கையில் குறடு. குசினிக் குழாய் சொட்டுகிறது என்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். மறந்தே போய்விட்டது.

வந்தவர் குழாயடிக்குப் போகவில்லை. மேசையில் விரித்திருந்த மட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். வட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஷரோன் வரைந்திருந்த நாட்டுப் படத்தைப் பார்த்தார். குறடால் படத்தின் கீழ்ப்பக்கத்தைத் தொட்டார்.

"எஷ் எங்கே?" என்று கேட்டார்.

ஷரோன் விழித்தாள். எஷ் என்றால் என்ன என்று நான் கேட்டேன்.

"என் ஊர்" என்றார் மடாம் ஃபெரெய்ரா. "இங்கே, கீழே இருக்க வேண்டும். நான் பிறந்த இடத்தை விட்டுவிட்டாயே பிள்ளை."

அடுத்ததாக நான் கேட்ட கேள்விக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. மூன்று கிழமையாகத் தேடிய ஆள் என் குசினியில் நிற்கிறார். சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, "ஆனால் நீங்கள் உண்மையில் போர்த்துக்கேயர்தானே?" என்று கேட்டேன்.

ஷரோன் என்னைப் பார்த்தாள். பெற்றோர் கூட்டத்தில் பார்த்த அதே பார்வை.

மடாம் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அப்பா கட்டிட வேலைக்காகப் போர்த்துக்கல்லில் இருந்து போனவர். இவர் பிறந்ததும், படித்ததும், முதல் வேலை பார்த்ததும் எஷ் என்கிற அந்த ஊரில். கல்யாணம் முடித்து மொன்றியலுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல். ஆரம்பத்தில் யார் கேட்டாலும் லக்சம்பேர்க் என்றுதான் சொல்வாராம். கேட்டவர்கள் முழிப்பார்கள். அது ஜேர்மனியிலா, பெல்ஜியத்திலா, அப்படியென்றால் ஏன் இந்தப் பெயர் என்று விசாரணை நடக்கும். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், போர்த்துக்கல் என்று சொல்லத் தொடங்கினாராம். கேள்வி அதோடு முடிந்துவிடும்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். 'இந்தியாவுக்குப் பக்கத்தில்' என்று சொல்லி நானும் எத்தனை தரம் கேள்வியை முடித்திருக்கிறேன்?

"ஆறு வருஷமாச் சொல்லேல்லையே" என்று நான் தமிழில் முணுமுணுத்ததை ஷரோன் பிரெஞ்சில் அவருக்குச் சொல்லிவிட்டாள். உன் அம்மா ஒருநாளும் கேட்கவில்லையே என்றார் மடாம். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. பரிஸைக் கேட்டேன், ஜேர்மனியைக் கேட்டேன், கத்தரிக்காய்க்காரரைக் கேட்டேன். தினமும் படிக்கட்டில் 'போன்ஜூர்' சொல்கிற மனுசியைக் கேட்கவில்லை.

ஷரோன் பேனையை எடுத்துக்கொண்டு, உங்களை எந்தத் துண்டில் போட என்று கேட்டாள். மடாம் குறடால் முதலில் போர்த்துக்கேயத் துண்டையும் பிறகு பக்கத்து லக்சம்பேர்க்காரர் துண்டையும் தொட்டார். என் பாஸ்போர்ட் இந்தத் துண்டில் இருக்கிறது, என் பள்ளிக்கூடம் அந்தத் துண்டில் இருக்கிறது, என்னைக் கோட்டின் மேல் போடு என்றார். இரண்டு துண்டுக்கும் நடுவில், கோட்டின் மேல், சாவிக்கொத்தோடு ஒரு குட்டி மடாம் வரையப்பட்டார்.

அன்று குழாய் திருத்தப்படவில்லை. இன்றும் சொட்டுகிறது.

வெள்ளிக்கிழமை காலை என் குசினி லக்சம்பேர்க்காகிவிட்டது. உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவி, வெங்காயம், பார்ஸ்லி இலை, முட்டை, கொஞ்சம் மா சேர்த்து, தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. அதன் பெயரைச் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. க்ரொம்பெரெகிச்செல்ஷர். நாட்டை விடச் சாப்பாட்டுப் பெயர் நீளம். பச்சை மிளகாய் இரண்டு வெட்டிப் போட்டால் என்ன என்று கேட்டேன். மடாம் அகப்பையைத் தூக்கிக் காட்டினார். நான் மிளகாயைத் திரும்ப பிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு அவர் நீலக் கோட் போட்டு, தலைமுடியைச் சுருட்டி, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்தார். சாவிக்கொத்து இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வழியில் இரண்டு தரம் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். எங்கள் மூன்று பேரிலும் அதிகம் பயந்திருந்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஷரோன் மட்டையைப் பிடித்துக்கொண்டு, லக்சம்பேர்க்கில் யார் யார் வாழ்கிறார்கள் என்று சொன்னாள். குரல் தடுமாறவில்லை. பிறகு, "இவர் மடாம் ஃபெரெய்ரா, எஷ்ஷில் இருந்து வந்திருக்கிறார்" என்றாள்.

மத்தேயோ உடனே கையைத் தூக்கினான். "ஃபெரெய்ரா போர்த்துக்கேயப் பெயர். நீங்கள் உண்மையான லக்சம்பேர்க்காரியா?"

முதல் நாள் பின்னேரம் நான் கேட்ட அதே கேள்வி. பத்து வயதுப் பையனிடமிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று தெரிந்தது.

மடாம் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினார். மத்தேயோவைப் பார்த்து, லக்சம்பேர்க் மொழியில், திட்டத் தொடங்கினார்.

சும்மா திட்டு இல்லை. மூச்சு விடாமல், விரலை ஆட்டி, கண்ணை உருட்டி, ஏறி இறங்கி ஒரு நிமிஷம். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் அது திட்டுதான் என்பது எல்லோருக்கும் விளங்கியது. முடித்துவிட்டு, அமைதியாகப் பிரெஞ்சில், எங்கள் ஊர்ப் பாண்கடைக்காரி நாங்கள் சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே ஓடினால் இப்படித்தான் திட்டுவாள் என்றார். மத்தேயோவிடம் குனிந்து, "உண்மையில்லாதவளுக்கு இப்படித் திட்ட வருமா?" என்று கேட்டார்.

மத்தேயோ தலையை ஆட்டினான். வராது என்றான். பிறகு, இன்னொரு தரம் திட்டுங்கள் என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னையும் திட்டுங்கள், என்னையும் திட்டுங்கள் என்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து, ஒரு திட்டு, ஒரு உருளைக்கிழங்கு அடை, தொட்டுக்கொள்ள ஆப்பிள் களி என்று வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் ரீச்சரும் வரிசையில் நின்றார். பீட்சாவோடு வந்த இத்தாலி கொஞ்ச நேரம் தனியாக இருந்தது. மடாமின் சுருட்டிய முடி கலைந்து, கன்னம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் அன்று செலவானது.

பாட்டுப் பாடினால் சொந்த மொழி, பிரார்த்தனை செய்தால் சொந்த மொழி என்றெல்லாம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் யோசிக்காமல் திட்ட வருகிற மொழிதான் சொந்த மொழி. ஷரோனும் அவள் அப்பாவும் சண்டை பிடிக்கும்போது கவனித்திருக்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் திட்டுவார். அவள் பதிலுக்கு அசல் லாசாலில் திட்டுவாள்.

கூட்டம் கலைகிற நேரம் மத்தேயோவின் அப்பா தட்டோடு வந்தார். மூன்றாவது அடையாம். நீங்கள் கொண்டுவருவோம் என்று சொன்னபோது நான் நம்பவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையை அசைத்தேன். நானும்தான் நம்பவில்லை என்பது அவருக்கு எதற்கு?

அவர் ஷரோனின் பக்கம் திரும்பி, நன்றாகப் பேசினாய், நீ எந்த ஊர் என்று கேட்டார்.

ஷரோன் முதலில் என்னைப் பார்த்தாள். மடாமும் என்னைப் பார்த்தார்.

"லாசால்" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

என் வாய் நிறைய உருளைக்கிழங்கு. விழுங்கிவிட்டுத் திருத்தியிருக்கலாம், நேரம் இருந்தது... விழுங்கிவிட்டு, இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.